இரும்பால் நேரும் செல் சாவும் தண்டுவடக் காயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டுவடத்தில் அடிபட்டவர்களின் குடும்பத்தார், மருத்துவ மாணவர்கள், ஆய்வகத்தில் இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் என மூன்று தரப்பினரும் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சிகிச்சை பற்றி மட்டும் தெரிய வேண்டும் என்பவர்கள் "மனிதர்களுக்கு மருந்து இருக்கிறதா?" என்ற கேள்விக்கு நேரே போய்விடலாம். ஆய்வகக் குறிப்புகள் அதற்கும் பின்னால் வருகின்றன.

ஃபெராப்டோசிஸ் என்பது என்ன? செல் எப்படிச் செத்தால் என்ன, சாவு சாவுதானே?

செல் சாகும் வழி எது என்று தெரிந்தால்தான் அதைத் தடுக்கும் வழியும் தெரியும். அப்போப்டோசிஸ் என்பது செல் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் முறை. அதில் கேஸ்பேஸ் என்னும் நொதிகள் வேலை செய்யும், செல்லின் உட்கரு சுருங்கித் துண்டாகும். ஃபெராப்டோசிஸில் கேஸ்பேஸுக்கு வேலை இல்லை, உட்கருவும் பெரிதாக மாறுவதில்லை. இரும்பின் துணையோடு செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதைகிறது. சவ்வு கிழிந்து செல் சாகிறது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் மைட்டோகாண்ட்ரியா வழக்கத்தைவிடச் சிறுத்து, சவ்வு அடர்ந்து, உள்மடிப்புகள் குறைந்து தெரியும்.

2012-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரென்ட் ஸ்டாக்வெல்லின் குழு இதற்குப் பெயர் வைத்தது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஸ்காட் டிக்சன். பெயர்தான் புதிது. தண்டுவடக் காயத்தில் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் பெரும் சேதம் செய்கிறது என்பதை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நரம்பியல் ஆய்வாளர்கள் அறிந்திருந்தார்கள். அந்தப் பழைய அனுபவத்தை ஒதுக்கிவிட்டு இன்றைய மருந்துகளை எடைபோட முடியாது.

இரும்பு இல்லாமல் உயிர் வாழ முடியாது என்கிறார்கள். அதே இரும்பு எப்படிக் கொல்கிறது?

புரதத்துக்குள் பூட்டி வைத்திருக்கும்வரை இரும்பால் தொல்லை இல்லை. இரத்தத்தில் அதை டிரான்ஸ்ஃபெரின் சுமந்து செல்கிறது. செல்லுக்குள் ஃபெரிட்டின் என்னும் கூட்டுக்குள் அது அடைபட்டிருக்கிறது. ஒரு ஃபெரிட்டின் கூட்டில் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். இந்தப் பிடியிலிருந்து நழுவி, இரண்டு மின்னேற்றம் கொண்ட ஃபெரஸ் நிலையில் இரும்பு கட்டற்றுத் திரியும்போதுதான் ஆபத்து. அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் என்னும் மிகத் தீவிரமான தனி உறுப்பை (ஃப்ரீ ராடிக்கல்) உண்டாக்கும். ஹென்றி ஃபென்டன் 1894-இல் விவரித்த வினை இது.

சவ்வில் உள்ள கொழுப்பமிலங்களில் பல இரட்டைப் பிணைப்புகள் கொண்டவைதான் முதல் இரை. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குவது எளிது. ஒன்றைப் பிடுங்கியதும் அந்த இடத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்கிறது. அது பக்கத்துக் கொழுப்பிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. இப்படியே சங்கிலியாகப் பரவும். நாள்பட்ட கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் இதே வினையால்தான். சங்கிலி ஓடும்போது உண்டாகும் கொழுப்பு ஹைட்ரோபெராக்சைடை இரும்பு மறுபடி உடைத்துப் புதிய தனி உறுப்புகளை எழுப்புகிறது. ஆகவே இரும்பு தொடங்கி வைப்பதோடு நிற்பதில்லை, வினையை அணையவிடாமலும் பார்த்துக்கொள்கிறது.

எல்லாக் கொழுப்பும் இப்படி எரியாது. அராகிடோனிக் அமிலம், அட்ரீனிக் அமிலம் இரண்டும் ஃபாஸ்ஃபாடிடைல்எத்தனோலமைன் என்னும் சவ்வுக் கொழுப்போடு சேர்ந்திருக்கும் நிலையே முக்கிய எரிபொருள். அவற்றை அங்கே கொண்டு சேர்க்கும் வழியில் ஏசிஎஸ்எல்4 என்ற நொதி இருக்கிறது. அது இல்லாத செல்களை இந்த வழியில் கொல்வது கடினம் என்று 2017-இல் காட்டினார்கள்.

செல்லிடம் தற்காப்பே கிடையாதா?

இருக்கிறது, அதுவும் அடுக்கடுக்காக. முதல் காவல் ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி. செலினியம் கொண்ட புரதம் இது. சவ்வில் உருவாகும் கொழுப்பு ஹைட்ரோபெராக்சைடைத் தீங்கற்ற ஆல்கஹாலாக மாற்றிவிடும். ஒரு மூலக்கூறை மாற்ற இரண்டு குளுட்டாதயோன் செலவாகும். குளுட்டாதயோன் செய்ய குளுட்டமேட், கிளைசின், சிஸ்டீன் மூன்றும் வேண்டும். மூன்றில் தட்டுப்பாடு வருவது சிஸ்டீனுக்குத்தான். வெளியிலிருந்து ஒரு சிஸ்டைனை (இரண்டு சிஸ்டீன் இணைந்த மூலக்கூறு) உள்ளே எடுத்துக்கொண்டு ஒரு குளுட்டமேட்டை வெளியே விடும் மாற்றி ஒன்று செல் சவ்வில் இருக்கிறது. சிஸ்டீன் பெரும்பாலும் அந்த வழியாகவே வருகிறது.

தண்டுவடத்தில் அடிபட்டதும் செல்களுக்கு வெளியே குளுட்டமேட் கொட்டிக் கிடக்கும். அதிகக் குளுட்டமேட் நரம்புச் செல்லை அளவுக்கு மீறித் தூண்டி, கால்சியத்தை உள்ளே பாய விட்டுக் கொல்கிறது என்பது பலர் படித்த பாடம். இரண்டாவது தீமை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வெளியே குளுட்டமேட் மிகுந்தால் மேலே சொன்ன மாற்றி முடங்கும். சிஸ்டைன் வரத்து நின்று, குளுட்டாதயோன் தீர்ந்து, ஜிபிஎக்ஸ்4 இருந்தும் பயனில்லாமல் போகும்.

இரண்டாவது காவல் எஃப்எஸ்பி1. 2019-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டறிந்தன. கோஎன்சைம் க்யூ10-ஐ ஒடுக்கிய நிலையில் வைத்து, சவ்வுக்குள்ளேயே சங்கிலியை அறுக்கிறது. வைட்டமின் ஈ செய்வதும் சங்கிலியை அறுக்கும் வேலைதான்.

மற்ற உறுப்புகளைவிடத் தண்டுவடம் ஏன் இதற்கு எளிதில் இரையாகிறது?

எரியும் பொருள் அங்கே ஏராளம். நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையின் உலர் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு. அந்த உறையைச் செய்யும் ஒலிகோடெண்ட்ரோசைட் செல்களுக்கு வேலை நடக்க இரும்பு நிறைய வேண்டும். மூளையிலும் தண்டுவடத்திலும் இரும்பு அதிகம் வைத்திருப்பவை அவைதான், குளுட்டாதயோன் கையிருப்போ அவற்றில் குறைவு. பெரிய இயக்க நரம்புச் செல்களும் இதைத் தாங்கமாட்டா.

எலிகளில் செய்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. வளர்ந்த எலிகளின் நரம்புச் செல்களில் மட்டும் ஜிபிஎக்ஸ்4 மரபணுவை நீக்கினார்கள். அடி, வெட்டு எதுவும் இல்லாமலே அந்த எலிகளுக்குச் சில நாட்களில் கால்கள் செயலிழந்தன. தண்டுவடத்தின் இயக்க நரம்புச் செல்கள் அழிந்திருந்தன. பெருமூளைப் புறணியின் செல்களில் அதற்கு ஈடான அழிவு இல்லை. கேஸ்பேஸ்-3 தூண்டப்பட்ட அடையாளமும் இல்லை. 2015-இல் வெளியான முடிவு இது. தீவனத்தில் வைட்டமின் ஈ கூட்டிக் கொடுத்த எலிகளுக்கு அந்தச் செயலிழப்பு தாமதமாக வந்தது. தண்டுவடத்துக்கும் இந்தச் சாவு வழிக்கும் உள்ள உறவுக்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

அடிபட்ட பிறகு எந்த நேரத்தில் என்ன நடக்கிறது?

எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கும் கணத்தில் நேர்வது முதல்நிலைக் காயம். அதை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. அதற்குப் பின் மணிக்கணக்கில், நாள்கணக்கில் பரவும் சேதம் இரண்டாம்நிலைக் காயம். ஃபெராப்டோசிஸ் இந்த இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தது.

சில நிமிடங்களிலேயே நடுவிலுள்ள சாம்பல் பகுதியில் நுண்குழாய்கள் கிழிந்து புள்ளிப் புள்ளியாக இரத்தம் கசியும், அடுத்த சில மணி நேரத்தில் அது விரியும். ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 4 இரும்பு அணுக்கள் என்றால் ஒரே சிவப்பணுவில் 100 கோடிக்கு மேல். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். திசுவுக்குள் கசிந்த ஒரு சொட்டு, அதாவது 0.05 மில்லிலிட்டர், சுமார் 25 மைக்ரோகிராம் இரும்பைக் கொண்டுவந்து கொட்டுகிறது.

இந்த இரும்பு உடனே கட்டவிழ்வதில்லை. சிவப்பணு உடைய வேண்டும், ஹீமோகுளோபினிலிருந்து இரும்பைத் தாங்கும் ஹீம் என்னும் பகுதி பிரிய வேண்டும், அதை ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி பிளக்க வேண்டும். இதற்கு மணிகளும் நாட்களும் ஆகும். ஆனால் செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் இரும்பு அதற்கு முன்பே தளர்கிறது. இரத்த ஓட்டம் குன்றிய திசுவில் அமிலத்தன்மை கூடும்போது டிரான்ஸ்ஃபெரின் தன் பிடியை விடும். ஃபெரிட்டின் கூடுகளைச் செல்லே செரித்து உடைப்பதும் உண்டு. அதனால்தான் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் விளைபொருள்கள் முதல் சில மணி நேரத்திலேயே உயரத் தொடங்கிவிடுகின்றன. முதல் வாரத்தில் விழுங்கு செல்கள் வந்து செத்த சிவப்பணுக்களையும் மயலின் குப்பையையும் விழுங்கும். இரும்பு நிறைந்த விழுங்கு செல்கள் அழற்சியைத் தணிக்கும் நிலைக்குப் போகாமல், திசுவைச் சிதைக்கும் நிலையிலேயே தங்கிவிடுகின்றன என்று 2014-இல் எலிகளில் காட்டினார்கள்.

ஆக, இரும்பு இரண்டு அலைகளாக வருகிறது. முதல் அலை மணிக்கணக்கில் வரும், இரண்டாவது நாள்கணக்கில் வரும். எந்த அலையைக் குறிவைக்கிறோம் என்று முடிவு செய்யாமல் மருந்து கொடுக்கும் நேரத்தை முடிவு செய்ய இயலாது.

விலங்குகளில் இதைத் தடுத்துப் பார்த்திருக்கிறார்களா?

பல முறை. இரும்பைப் பிடித்துக்கொள்ளும் டெஃபெராக்சமைன், சங்கிலியை அறுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1, லிப்ராக்ஸ்டாட்டின்-1, எஸ்ஆர்எஸ் 16-86, ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் உருவான யுஏஎம்சி-3203 ஆகியவற்றை எலிகளில் சோதித்தார்கள். பெரும்பாலான ஆய்வுகளில் காயத்தின் பரப்பு குறைந்து, நடை ஓரளவு மேம்பட்டது. பெரிய வகை ஆய்வக எலிகளின் நடையை 0 முதல் 21 வரையிலான பிபிபி அளவுகோலிலும் சுண்டெலிகளின் நடையை 0 முதல் 9 வரையிலான பிஎம்எஸ் அளவுகோலிலும் மதிப்பிடுவார்கள்.

இந்த முடிவுகளைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மருந்தை எப்போது கொடுத்தார்கள்? அடிபடும் முன்போ, அடிபட்ட உடனேயோ கொடுத்திருந்தால் அது மனிதருக்குப் பொருந்தாது. சாலையில் விழுந்தவர் ஒரு மணி நேரத்துக்குள் சிறப்பு மருத்துவமனைக்கு வந்து சேர்வதே அரிது. அடுத்து, காயம் எவ்வளவு கடுமையானது? 10 கிராம் தண்டை 12.5 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் உண்டாகும் காயமும் 50 மில்லிமீட்டரிலிருந்து போட்டால் உண்டாகும் காயமும் வெவ்வேறு. லேசான காயத்தில் தானாகவே மீளும் பகுதி பெரிது.

மனிதர்களுக்கு மருந்து இருக்கிறதா?

தண்டுவடக் காயத்தில் ஃபெராப்டோசிஸைத் தடுக்க என்று அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் இன்று இல்லை. ஃபெரோஸ்டாட்டின்-1 ஆய்வகப் பொருள் மட்டுமே. உடலுக்குள் விரைவில் சிதைந்துவிடும். மனிதருக்குக் கொடுக்கும் வடிவில் அது வந்ததில்லை.

ஆனால் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தைக் குறிவைத்து மனிதர்களில் ஏற்கெனவே பெரிய சோதனைகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் நடந்த நாசிஸ்-2 சோதனையின் முடிவு 1990-இல் வந்தது. மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டை முதலில் கிலோவுக்கு 30 மி.கி., பிறகு 23 மணி நேரத்துக்குக் கிலோவுக்கு மணிக்கு 5.4 மி.கி. வீதம் கொடுத்தார்கள். அழற்சியைக் குறைக்க இவ்வளவு தேவையே இல்லை. விலங்குகளில் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தை அடக்க அவ்வளவு தேவைப்பட்டது என்பதே இந்த அளவுக்குக் காரணம். அடிபட்டு 8 மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடம் சிறிதளவு பயன் தெரிந்தது. அது பின்னால் பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் சர்ச்சை இன்றும் தீரவில்லை. கூடவே நிமோனியா, புண்ணில் தொற்று, குடல் இரத்தக் கசிவு ஆகிய ஆபத்துகள் கூடின. 2013-இல் அமெரிக்க நரம்பறுவை மருத்துவர் அமைப்புகள் இதைக் கொடுக்க வேண்டாம் என்றன. 2017-இல் முதுகெலும்பு மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பான ஏஓ ஸ்பைனின் வழிகாட்டி, 8 மணி நேரத்துக்குள் வந்தவருக்கு 24 மணி நேரம் கொடுப்பதை ஒரு தெரிவாக வைத்துக்கொள்ளலாம் என்றது. அதனால்தான் ஒரு மருத்துவமனை கொடுக்கிறது, மற்றொன்று மறுக்கிறது.

1997-இல் வந்த நாசிஸ்-3 சோதனையில் டிரிலசாட் என்ற மருந்தையும் சேர்த்தார்கள். ஸ்டீராய்டின் ஹார்மோன் வேலை இல்லாமல், கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தை மட்டும் தடுக்க வடிவமைத்த மருந்து அது. இன்றைய பார்வையில் அதை ஃபெராப்டோசிஸ் தடுப்பானின் மூத்த உறவு என்றே சொல்லலாம். பலன் 24 மணி நேர மெத்தில்பிரெட்னிசோலோனுக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது. எல்லோருக்கும் தொடக்கத்தில் மெத்தில்பிரெட்னிசோலோன் ஒரு முறை கொடுத்திருந்தார்கள், மருந்தில்லாக் குழுவும் இல்லை. டிரிலசாட் தனியாக என்ன செய்யும் என்ற கேள்விக்கு அந்தச் சோதனையால் விடை கொடுக்க முடியவில்லை.

தலசீமியாக்காரர்களுக்கு இரும்பை வெளியேற்றும் ஊசி போடுகிறார்களே, அதையே போடலாமே?

பலர் கேட்கும் கேள்வி இது. டெஃபெராக்சமைன் பல பத்தாண்டுகளாகப் பழகிய மருந்துதான். ஒரு மூலக்கூறு ஓர் இரும்பு அணுவைப் பிடிக்கும், 100 மி.கி. மருந்து சுமார் 8.5 மி.கி. இரும்பைக் கட்டும். இரத்தத்தில் அதிக நேரம் தங்காது என்பதால்தான் தலசீமியாவில் தோலடியில் பம்ப் வைத்து 8 முதல் 12 மணி நேரம் ஏற்றுகிறார்கள். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ளே எளிதாக நுழையாது. வேகமாகச் சிரையில் ஏற்றினால் இரத்த அழுத்தம் சரியும். புதிதாகத் தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு அழுத்தம் சரிவதே பெரும் தீங்கு. நீண்ட நாள் கொடுத்தால் காது, கண் பாதிக்கலாம், சில அரிய தொற்றுகளுக்கு வழி திறக்கலாம்.

மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்டவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாளுக்குக் கிலோவுக்கு 62 மி.கி. கொடுத்த சோதனையை நுரையீரல் பாதிப்பு காரணமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அளவை 32 மி.கி.யாகக் குறைத்து 3 நாள் கொடுத்த ஐ-டெஃப் சோதனையின் முடிவு 2019-இல் வெளியானது. மருந்து பாதுகாப்பாக இருந்தது. ஆனால் 90-ஆம் நாளில் நல்ல நிலையில் இருந்தவர்கள் மருந்துக் குழுவில் 34 சதவீதம், மற்றதில் 33 சதவீதம்.

பார்க்கின்சன் நோயில் டெஃபெரிப்ரோன் என்ற மாத்திரையைச் சோதித்தார்கள். இது மூளைக்குள் நுழையும். 2022-இல் வந்த முடிவில், 372 பேரில் 36 வாரம் நடந்த சோதனையில், மூளையின் இரும்பு குறைந்தது. நோயாளிகளின் நிலையோ மருந்து பெறாதவர்களைவிட மோசமானது. இரும்பை எடுத்துவிட்டால் அதை நம்பி நடக்கும் வேலைகளும் நிற்கும். தண்டுவடத்தில் காயத்துக்குப் பின் புதிய மயலின் போட வேண்டிய செல்களுக்கும் இரும்பு வேண்டும்.

இதனால்தான் இரும்பைப் பிடுங்குவதைவிட, சவ்வில் ஓடும் சங்கிலியை அறுப்பதே சரியான குறி என்று நாங்கள் கருதுகிறோம். இரும்பைத் தொடாமல் கொழுப்பை மட்டும் காக்கும் மருந்து, குறுகிய காலத்துக்கு, சரியான நேரத்தில் வேண்டும். டிரிலசாட் கைவிடப்பட்டது அந்த வழி மூடிவிட்டது என்பதற்குச் சான்றாகாது. அன்று எந்தச் செல் எப்போது சாகிறது என்று இப்போது தெரியும் அளவுக்குத் தெரியாது.

அடிபட்டவர் இரும்பு மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சை எல்லாம் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். உடல் ஒரு நாளைக்கு உணவிலிருந்து உறிஞ்சுவது 1 முதல் 2 மி.கி. இரும்பு. அது நேராகத் தண்டுவடக் காயத்துக்குப் போவதில்லை. அங்கே கொல்லும் இரும்பு, காயத்திலேயே கசிந்த இரத்தத்திலிருந்தும் அங்குள்ள செல்களிலிருந்தும் வருவது. கீரையை நிறுத்தினால் இரத்தசோகைதான் மிஞ்சும். இரத்தசோகை வந்தால் காயத்துக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும், படுக்கைப் புண் ஆறுவதும் தள்ளிப்போகும்.

வேறொரு நுணுக்கம் உண்டு. படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று உள்ளவர்களுக்கு வரும் இரத்தசோகை பல நேரம் அழற்சியால் வருவது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் இரும்பைக் கிடங்குக்குள் பூட்டிவிடும். அப்போது ஃபெரிட்டின் உயர்ந்தும் ஹீமோகுளோபின் தாழ்ந்தும் இருக்கும். இவர்களுக்கு மாத்திரையைக் கூட்டுவதால் பயன் குறைவு, தொற்றையும் புண்ணையும் சரிசெய்தால்தான் இரத்தம் ஏறும். இதை மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

வைட்டமின் ஈ, செலினியம், அசிட்டில்சிஸ்டீன் வாங்கிக் கொடுக்கலாமா?

மூன்றும் கொள்கையளவில் பொருந்துபவை. முதலாவது சங்கிலியை அறுக்கும், இரண்டாவது ஜிபிஎக்ஸ்4 செய்யத் தேவை, மூன்றாவது சிஸ்டீன் தரும். தண்டுவடம் அடிபட்ட மனிதர்களில் இவை நடையை மீட்டதாகச் சான்று இல்லை. வைட்டமின் ஈ-யை அதிக அளவில் எடுத்தால் இரத்தம் உறைவது குறையும். தண்டுவடக் காயக்காரர்களுக்குக் கால் சிரையில் இரத்தக்கட்டி வராமலிருக்க ஏற்கெனவே ஹெப்பாரின் வகை ஊசி போட்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் கசிவு ஆபத்து. செலினியத்தை நாளுக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் முடி கொட்டும், நகம் உடையும். மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் சேர்க்காதீர்கள்.

இரத்தப் பரிசோதனையிலோ எம்ஆர்ஐ-யிலோ இது தெரியுமா?

தெரியாது. இரத்தத்தில் ஃபெரிட்டின் உயர்வது அழற்சியின் பொது அறிகுறி. எம்ஆர்ஐ-யில் தண்டுவடத்துக்குள் இரத்தக் கசிவு கருமையாகத் தெரியும். கசிவு இருந்தால் மீள்வது கடினம் என்பது உறுதியான அனுபவம். செல் எந்த வழியில் சாகிறது என்று அந்தப் படம் சொல்லாது.

அடிபட்டுச் சில ஆண்டுகள் ஆனவருக்கு?

கசிந்த இரும்பின் ஒரு பகுதி ஹீமோசிடரினாக விழுங்கு செல்களுக்குள் நெடுநாள் கிடக்கும். லேசான காயம்பட்ட சுண்டெலிகளில், தாமதித்துக் கொடுத்த தடுப்பு மருந்தும் ஓரளவு பயன் தந்ததாக ஆய்வு உண்டு. ஆனால் செத்த செல்லை எந்தத் தடுப்பானும் எழுப்பாது. பழைய காயத்தில் இதை மட்டும் நம்பி நடை திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது அடிபட்டவருக்கு, இந்த இரண்டாம்நிலைச் சேதத்தைக் குறைக்க உண்மையில் என்ன செய்கிறார்கள்?

கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் பலகையில் கிடத்தி, கழுத்துப் பட்டை போட்டு எடுத்துச் செல்வது முதல் வேலை. திருப்ப வேண்டியிருந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பும்படி உருட்ட வேண்டும். மருத்துவமனையில் ஆக்சிஜன், இரத்த அழுத்தம் இரண்டையும் விழவிடாமல் பிடிப்பார்கள். சராசரித் தமனி அழுத்தத்தை 85 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை, முதல் வாரம் முழுதும் வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். நசுக்கும் எலும்பை முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சையில் விலக்குவார்கள். இவை இரத்த ஓட்டத்தைக் காப்பவை. இரத்த ஓட்டம் நின்றால் அமிலம் கூடும், இரும்பு தளரும், குளுட்டாதயோன் தீரும். அந்த வகையில் இந்தப் பழைய முறைகளும் ஃபெராப்டோசிஸைக் குறைக்கத்தான் செய்கின்றன.

ஆய்வகத்தில் ஒரு செல் இந்த வழியில்தான் செத்தது என்று நிரூபிப்பது எப்படி?

ஒரே அடையாளம் போதாது. மூன்று வகைச் சான்று சேர வேண்டும்: கொழுப்பு ஆக்சிஜனேற்றம் நடந்தது, இரும்பு தேவைப்பட்டது, ஃபெராப்டோசிஸ் தடுப்பான் காப்பாற்றியது. செல் வளர்ப்பில், சிஸ்டைன் மாற்றியை அடைக்கும் எராஸ்டின் 10 மைக்ரோமோலார், அல்லது ஜிபிஎக்ஸ்4-ஐ முடக்கும் ஆர்எஸ்எல்3 0.1 முதல் 1 மைக்ரோமோலார் கொண்டு சாவைத் தூண்டுங்கள். ஃபெரோஸ்டாட்டின்-1 ஒரு மைக்ரோமோலாரும் டெஃபெராக்சமைன் 100 மைக்ரோமோலாரும் தனித்தனியே காப்பாற்ற வேண்டும். கேஸ்பேஸ் தடுப்பானான இசட்-வேட் காப்பாற்றக் கூடாது. மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ-வின் இறுதி அளவு 0.1 சதவீதத்தைத் தாண்டாமல், எல்லாக் கிண்ணங்களிலும் ஒரே அளவாக இருக்கட்டும்.

ஆக்சிஜனேற்றத்தைப் பார்க்க சி11-போடிப்பி சாயம் 2 மைக்ரோமோலாரில், 37 டிகிரியில் 30 நிமிடம் போதும். சிவப்பு குறைந்து பச்சை கூடுவதை விகிதமாகக் கணக்கிடுங்கள், பச்சையை மட்டும் பார்த்தால் சாயம் ஏறிய அளவின் வேறுபாடு ஏமாற்றிவிடும். செல்கள் செத்து முடிவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும்.

விலங்குத் திசுவில் 4-ஹைட்ராக்சிநானெனல் என்னும் கொழுப்புச் சிதைவுப் பொருளைக் காட்டும் சாயமிடல், குளுட்டாதயோன் அளவு, ஜிபிஎக்ஸ்4, ஏசிஎஸ்எல்4 புரத அளவு, மின்னணு நுண்ணோக்கிப் படம் ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள்.

சோதனை எங்கே தவறுகிறது?

நரம்புச் செல் வளர்ப்பில் ஊடகத்தால்தான் அதிகம் தவறுகிறது. ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் பி27 என்னும் சத்துக் கலவையில் வைட்டமின் ஈ, செலினியம், குளுட்டாதயோன், கேட்டலேஸ் எல்லாம் இருக்கின்றன. அதில் வளர்ந்த செல் சாகாவிட்டால் "இந்தச் செல்லுக்கு ஃபெராப்டோசிஸ் வராது" என்று எழுதிவிடுகிறார்கள். ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் நீக்கிய பி27-ஐச் சோதனைக்கு முன் மாற்ற வேண்டும். ஊடகத்தில் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் இருந்தால் சிஸ்டைன் வேறு வழியாக உள்ளே போய்விடும், எராஸ்டின் வேலை செய்யாது.

இரும்பை அளக்கும்போது, எலியின் இரத்தக் குழாய்களை உப்புநீரால் முழுதும் கழுவாமல் தண்டுவடத்தை எடுத்தால், நீங்கள் அளப்பது குழாயில் நின்ற இரத்தத்தின் இரும்பு. திசுவில் இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயத்துக்கு 2 சதவீத பொட்டாசியம் ஃபெரோசயனைடும் 2 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சம அளவில், பயன்படுத்தும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். இது மூன்று மின்னேற்றம் கொண்ட ஃபெரிக் இரும்பை மட்டும் நீலமாக்கும், ஹீமுக்குள் இருக்கும் இரும்பைக் காட்டாது. அதனால் முதல் நாள் திசுவில் நீலம் இல்லை என்பதை இரும்பே இல்லை என்று படிக்கக் கூடாது. முதுகெலும்போடு சேர்த்துத் திசுவை அமிலத்தில் மென்மையாக்கினால் இரும்பு கரைந்து போய்விடும்.

கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் விளைபொருளான மலோன்டைஆல்டிஹைடை அளக்க எடுத்த திசுவில் பிஹெச்டி (பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன், BHT) என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்பியைச் சேர்க்காமல் அரைத்தால், அரைக்கும்போதே கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து அளவு கூடிவிடும். மேலும் ஜிபிஎக்ஸ்4 குறைந்தது என்று காட்டும் ஒரே வெஸ்டர்ன் பிளாட்டை (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) வைத்து ஃபெராப்டோசிஸ் என்று முடிவு கட்டும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. திசுவில் நரம்புச் செல்லே அழிந்து போனாலும் அந்தப் பட்டை மங்கும்.

இரும்புச் சாவைத் தடுத்து நடக்க வைக்கிறோம் என்று ஒரு மையம் விளம்பரம் செய்கிறது. போகலாமா?

முதலில் அது பதிவு செய்த மருத்துவச் சோதனையா என்று கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அதை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அங்கே தேடிப் பாருங்கள். மருந்தின் பெயர், அளவு, அடிபட்டு எத்தனை மணி நேரத்துக்குள் கொடுக்கிறார்கள், மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு உண்டா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். சோதனையில் உள்ள மருந்துக்கு நோயாளியிடம் பணம் கேட்டால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, உங்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் மருத்துவரிடம் காட்டுங்கள்.